பேட்ஜுக்கு வந்த ஆபத்து

பூமாரியின் பேட்ஜுக்கு ஆபத்து வந்துவிட்டது என்ற செய்தி ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குப் பதிவுத் தபாலில் ஒரகடம் அமிர்தகலசம் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது. பதினோரு மணிக்குள் மூன்று மாடிக்கும் தெரிந்துவிட்டது. பூமாரிக்கு மட்டும் தெரியவில்லை. அவள் எக்ஸ்ரே அறையில் எழுபத்து நான்காவது ஆளின் முதுகைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள் பூமாரி. எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பு முடித்து, அருள்பாண்டியைக் கட்டிக்கொண்டு, அவனுக்கு இருங்காட்டுக்கோட்டையில் வேலை கிடைத்ததால் இந்தப் பக்கம் வந்தவள். ஒரகடத்தில் எந்தத் தொழிற்சாலையில் சேர்வதானாலும் முதலில் மெடிக்கல் போகவேண்டும். மெடிக்கல் என்றால் நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே, இடுப்பு முதுகுக்கு இரண்டு. வேலைக்கு எடுக்கும் ஆளின் முதுகெலும்பு நேராக இருக்கிறதா என்று நிறுவனங்கள் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டன. ஆறு மாதத்தில் கான்ட்ராக்டர் மாறுவார். அதே ஆள், அதே லைன், அதே ஸ்க்ரூ. ஆனால் புது மெடிக்கல். ஆறு மாதத்துக்குள் ஒரு முதுகெலும்பு வளைந்துபோகும் என்று நம்ப நிறுவனங்களுக்குத் தக்க காரணம் இருந்திருக்கலாம்.

ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது பேர். அத்தனை பேருக்கும் சுவிட்சை அமுக்குகிறவள் பூமாரி. அவள் சட்டையில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பேட்ஜ் குத்தியிருக்கும். அவள் உடம்பு எவ்வளவு கதிர்வீச்சு வாங்குகிறது என்பதை அது வாங்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோதனைச்சாலைக்கு அனுப்பினால் கணக்கிட்டுச் சொல்வார்கள். இதுவரை சொன்னதெல்லாம் சொல்லத் தேவையில்லாத அளவு. இந்த முறை பதிவுத் தபாலில் சொல்லியிருந்தார்கள்.

அட்டெண்டர் எல்லப்பன் கதவைத் திறந்து தலையை நீட்டினார். ஐம்பது வயது. பிறந்து வளர்ந்ததெல்லாம் ஒரகடம். இப்போது மருத்துவமனை நிற்கிற இடத்தில்தான் அவர் குடும்பம் முன்பு நெல் போட்டுக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா பூமாரி, மேல கூப்புடுறாங்க. உன் பேட்ஜுக்கு இன்னாவோ ஆயிட்ச்சாம். காசிராஜன் சாரு மூஞ்சே சரியில்ல."

"பேட்ஜுக்கா அண்ணாச்சி? எனக்கா?"

"உன்னப் பத்தி ஒண்ணும் பேசிக்கல. பேட்ஜுன்னுதான் சொல்லிக்கினு கீறாங்க."

காசிராஜன் மருத்துவமனையின் தலைமை நிர்வாகி. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு பிரேக் தொழிற்சாலையில் தர மேலாளர். பிரேக்குகள் எப்படிப் பிடித்தன என்று யாரும் சொன்னதில்லை. ஃபைல்கள் மிகத் தரமாக இருந்தன என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் வந்த பிறகு மருத்துவமனையில் வாளிக்கு ஒரு மஞ்சள் கட்டம், துடைப்பத்துக்கு ஒரு மஞ்சள் கட்டம், நோயாளி நிற்க ஒரு மஞ்சள் கட்டம் வந்தது. கட்டத்துக்குள் நின்று மயங்கி விழுந்தவர்களும் பெரும்பாலும் கட்டத்துக்குள்ளேயே விழுந்தார்கள்.

அவர் மேஜைமீது ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்திருந்தார்.

"பேட்ஜைக் கழட்டி இதுமேல வை. மெதுவா."

பூமாரி வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். அடிபட்ட குருவியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எப்படிம்மா இப்படி ஆக விட்ட?"

"என்ன சார் ஆச்சு?"

"வருஷம் முழுக்க வாங்கக்கூடிய அளவுல பாதிய மூணே மாசத்துல வாங்கியிருக்கு. காரணம் கேட்டு லெட்டர் வந்திருக்கு. இந்த ஆஸ்பத்திரி வரலாற்றுல நமக்கு லெட்டர் வந்ததே இல்ல."

பூமாரிக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். அருள்பாண்டியும் அவளும் குழந்தை பற்றிப் பேச ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"பேட்ஜ் வாங்கியிருந்தா என் உடம்பும் அவ்வளவு வாங்கியிருக்கும்லா சார்?"

காசிராஜன் நிமிர்ந்து பார்த்தார். முக்கியமான கூட்டத்தில் யாரோ வீட்டு விஷயம் பேசியதுபோல் இருந்தது அவர் பார்வை.

"தனிப்பட்ட விஷயத்தையெல்லாம் இதுல கலக்காதம்மா. முதல்ல லெட்டருக்குப் பதில் சொல்லணும்."

மாலையே அவளுக்கு ஒரு மெமோ வந்தது. 'தங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருந்த, நிறுவனத்தின் உடைமையாகிய மேற்படி பேட்ஜ், கதிர்வீச்சுக்கு ஆளாக நேர்ந்தது எவ்வாறு என்பதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான விளக்கம் அளிக்கவும்.'

விளக்கம் அவளிடம் இருந்தது. எக்ஸ்ரே அறையில் டெக்னீஷியன் நிற்பதற்கென்று ஒரு தடுப்புச்சுவர் உண்டு. அதில் நோயாளியைப் பார்க்க ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் ஈயம் கலந்த தடித்த கண்ணாடி இருக்கவேண்டும். கதிரை அதுதான் நிறுத்தும். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அது இருந்தது. நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் சாய்ந்து விழுந்ததில் உடைந்தது. மறுநாளே காசிராஜன் தண்டலத்தில் கார்களுக்குக் கருப்பு ஃபிலிம் ஒட்டுகிற கடையிலிருந்து ஆளை வரவழைத்து, ஒரு சாதாரணக் கண்ணாடியை மாட்டி, அதன்மேல் ஃபிலிம் ஒட்டவைத்தார். பழையதைவிடப் பார்வையாக இருக்கிறது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வெயில் வந்தால் அது நன்றாகவே தடுத்திருக்கும். எக்ஸ்ரே அறைக்குள் வெயில் வருவதில்லை.

ஈயக் கண்ணாடி வரும்வரைக்கும்தான் இது என்று அப்போது சொன்னார். பூமாரியும் நம்பினாள். அவள் செய்த தப்பு அதுதான் என்று பின்னால் பல தடவை நினைத்துக்கொண்டாள்.

அருள்பாண்டியிடம் சொன்னபோது அவன் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தான். "லைன்ல கிளவுஸ் கிழிஞ்சா வேற குடுக்காம நாங்க கை வைக்க மாட்டோம். நீ என்னத்துக்குப் பேசாம இருக்க? எழுதிக் குடு."

அவள் எழுதிக்கொடுத்தாள். 'கண்ணாடி ஈயக் கண்ணாடி அல்ல. மாற்றித் தரவும்.' இரண்டே வரி.

இரண்டு வரியைப் பரிசீலிக்க ஏழு பேர் கொண்ட கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு கூடியது. அப்படி ஒரு குழு இருப்பது அந்த ஏழு பேரில் நான்கு பேருக்கு அன்றுதான் தெரிந்தது. ஒருவர் கேன்டீன் பொறுப்பாளர். குழுவின் தலைவர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், டாக்டர் கோமதிநாயகம். அவர் படம் எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெரிய பலகையில் இருக்கும். அவர் இருப்பது சென்னையில். எக்ஸ்ரே படங்கள் அவர் செல்போனுக்குப் போகும். 'நார்மல்' என்று திரும்பி வரும். போகும் நேரமும் வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

அன்று அவர் காரிலிருந்து வீடியோவில் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார்.

"கதிர்வீச்சுன்னா பயப்படவே கூடாது. நான் இருபத்திரண்டு வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கேன். எனக்கு ஒரு தலைவலி வந்ததுண்டா? ஏன் வரல? நான் ஒரு கொள்கை வச்சிருக்கேன். எக்ஸ்ரே ரூமுக்குள்ள காலே வைக்கிறதில்ல. இந்த ஒழுங்கு ஸ்டாஃப்கிட்ட இல்ல. அவங்க தினமும் உள்ள போறாங்க."

எல்லோரும் பூமாரியைப் பார்த்தார்கள். அவள் தினமும் உள்ளே போகிறவள்தான்.

"கண்ணாடி சார்..." என்று ஆரம்பித்தாள்.

"கண்ணாடிக்கு சர்ட்டிபிகேட் இருக்கு," என்றார் காசிராஜன். ஃபைலைப் பிரித்துக் காட்டினார். உடைந்துபோன கண்ணாடியின் சர்ட்டிபிகேட். இன்னும் நான்கு வருடத்துக்குச் செல்லும். "கண்ணாடி மாறலாம், டாக்டர். சர்ட்டிபிகேட் மாறல. இப்ப நாம சயின்டிஃபிக்கா போவோம். பிரேக் கம்பெனியில ஒரு முறை உண்டு. அஞ்சு தடவ கேள்வி கேட்டா ரூட் காஸ், மூல காரணம், வெளிய வந்துரும்."

எழுந்து வெள்ளைப் பலகையில் எழுத ஆரம்பித்தார்.

"பேட்ஜ் ஏன் கதிர்வீச்சு வாங்குச்சு? பூமாரி சட்டையில இருந்ததால. ஏன் சட்டையில இருந்துச்சு? அவ குத்தியிருந்ததால. ஏன் குத்தியிருந்தா? ரூல் அப்படி. சரி, ரூலை நாம தொட முடியாது. குத்திக்கிட்டு எங்க போனா? எக்ஸ்ரே ரூமுக்கு. ஏன் எக்ஸ்ரே ரூமுக்குப் போனா? எக்ஸ்ரே எடுக்க."

ஐந்தாவது கேள்வி முடிந்ததும் பேனாவை மூடினார்.

"ரூட் காஸ் என்னன்னா, பேட்ஜைக் குத்திக்கிட்டு எக்ஸ்ரே எடுத்திருக்கா. பேட்ஜைக் கழட்டி வச்சிட்டு எடுத்திருந்தா இந்த லெட்டரே வந்திருக்காது."

"எக்ஸலண்ட்," என்றது காருக்குள்ளிருந்து ஒரு குரல்.

"சார், அப்ப என் உடம்பு எவ்வளவு வாங்குதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள் பூமாரி.

"அதுதாம்மா வேணும்," என்றார் காசிராஜன் கனிவாக. "தெரிஞ்சாத்தானே உனக்குக் கவலை?"

கேன்டீன் பொறுப்பாளர் மட்டும் தலையை ஆட்டாமல் பூமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைக்கவில்லை.

ஒரு வாரத்தில் பேட்ஜுக்கு வீடு வந்தது. தேக்குப் பெட்டி, உள்ளே வெல்வெட். பேட்ஜுக்கு மேற்கொண்டு எந்தத் தீங்கும் வரக்கூடாது என்று, வெல்வெட்டுக்கு அடியில் நான்கு பக்கமும் ஈயத்தகடு. அந்த மருத்துவமனைக்குள் பல மாதங்களுக்குப் பிறகு வந்த ஈயம் அதுதான். பூமாரி காலையில் வந்ததும் பேட்ஜைப் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டும். சாவி எல்லப்பனிடம். பிறகு அவள் எக்ஸ்ரே அறைக்குள் போகலாம்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எட்துக்காத," என்றார் எல்லப்பன் பூட்டிக்கொண்டே. "அந்தப் பொட்டி கொஞ்சம் பெர்சா கீது. தலைய மட்டுமாவது உள்ள வுட்டுக்க முடியுமா பாரு."

பூமாரி சிரிக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து அவள் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஜன்னலுக்குக் கீழே சுவர் பழைய கெட்டிச் சுவர். குனிந்து உட்கார்ந்துகொண்டு கையை மட்டும் உயர்த்தி சுவிட்சை அமுக்கினால் கதிர் அவள்மேல் படாது. ஆனால் குனிந்தால் ஆள் தெரியாது. உள்ளே நிற்கிறவன் இருமுவான், திரும்புவான், சட்டையை இழுத்துவிடுவான். படம் கெடும். மறுபடி எடுக்கவேண்டும். நான்காம் நாள், மதுரைப் பக்கத்து ஆள் ஒருவனுக்கு மூன்றாவது தடவைக்கு நிற்கவைத்தபோது அவன் ஒன்றும் கேட்காமல் பொறுமையாக நின்றதைப் பார்த்தாள். தான் வாங்காததை இவன் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்தது. ஜன்னல் முன்னால் நின்றே எடுத்தாள். அதன் பிறகு குனியவில்லை.

மூன்று மாதம் கழித்து அடுத்த முடிவு வந்தது. பூமாரியின் பேட்ஜில் ஒன்றுமே இல்லை. மருத்துவமனை இனிப்பு வழங்கியது. இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே காசிராஜன் அடுத்த வரியைப் படித்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

ஒவ்வொரு தடவையும் யாரும் அணியாத ஒரு பேட்ஜும் கூடவே வரும். மண்ணிலும் சுவரிலும் இயற்கையாகவே இருக்கிற கதிர்வீச்சு எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க அது. எக்ஸ்ரே அறையிலிருந்து எட்ட வைக்கவேண்டும் என்பதால் காசிராஜன் தன் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார். அதில் கொஞ்சம் கதிர்வீச்சு பதிவாகியிருந்தது.

பூமாரியைக் கூப்பிட்டனுப்பினார். குரல் இறங்கியிருந்தது.

"என் ரூம்ல கதிர்வீச்சு இருக்குன்னு எழுதியிருக்கான்."

"அது எல்லா எடத்துலயும் இருக்கிறதுதான் சார். உங்க வீட்டுலயும் இருக்கும், எங்க வீட்டுலயும் இருக்கும். ஒண்ணும் செய்யாது."

"எல்லா இடத்துலயும் இருந்தா எக்ஸ்ரே ரூம்ல ஏன் இல்ல?"

"பேட்ஜ் ஈயப் பெட்டிக்குள்ள இருந்துச்சே சார்."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். பேட்ஜ் பெட்டிக்குள்ள இருந்துச்சு. நான் பெட்டிக்குள்ள இல்லையே."

மூன்றே நாளில் ஈயத்தகடு வந்து இறங்கியது. காசிராஜன் அறையின் நான்கு சுவருக்கும் கதவுக்கும் அடித்தார்கள். அடிக்க வந்த மேஸ்திரியிடம் பூமாரி, எக்ஸ்ரே ஜன்னலுக்கு ஈயக் கண்ணாடி வர எத்தனை நாளாகும் என்று விசாரித்தாள். சொன்னால் நாலு நாளில் வந்துவிடும் என்றார் அவர். அவள் போய்ச் சொன்னாள். காசிராஜன் அறைக்குள்ளிருந்து ஏதோ பதில் சொன்னார். கதவு இப்போது தடிமனாக இருந்ததால் கேட்கவில்லை.

அந்த மாதமே தரச்சான்று கொடுக்கும் குழு வருவதாக அறிவிப்பு வந்தது. ஒரு பெண்மணி, உயரமான ஒரு மனிதர், ஆளுக்கு ஒரு டேப்லெட். அதே நாளில் ஒரு கேபிள் தொழிற்சாலையிலிருந்து நூற்று முப்பது பேர் மெடிக்கலுக்கு வந்து இறங்கினார்கள். திங்கட்கிழமை புது லைன் தொடங்குகிறது. தள்ளிப்போட முடியாது என்றது நிறுவனம். குழு பார்க்கும்போது பேட்ஜ் பூமாரியின் சட்டையில் இருக்கவேண்டும். எக்ஸ்ரே எடுக்கும்போது பெட்டியில் இருக்கவேண்டும். குழு உள்ளே வரும்போதெல்லாம் எல்லப்பன் பெட்டியோடு ஓடிவந்தார், போகும்போதெல்லாம் ஓடிப்போனார். பதினோரு மணிக்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

டாக்டர் கோமதிநாயகமும் அன்று நேரில் வந்திருந்தார். நடைபாதையில் தன் சொந்தப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு, எக்ஸ்ரே ரூம் எந்தப் பக்கம் என்று எல்லப்பனைக் கேட்டார். ரிசப்ஷன் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு ஈயக் கவசங்களில் ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் கட்டியிருந்தார். மருத்துவமனையில் இருந்ததே அந்த இரண்டுதான்.

வரிசையில் இருபத்தொன்பதாவதாக வந்தவள் கவிப்பிரியா. வல்லக்கோட்டைப் பெண். இருபத்து மூன்று வயது. புருஷனுக்குப் போன மாதம் வேலை போயிருந்தது. இந்த வருடத்தில் மூன்றாவது கான்ட்ராக்டர், மூன்றாவது எக்ஸ்ரே. படிவத்தை நீட்டினாள். 'கர்ப்பமாக இருக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று அச்சிலேயே இருந்தது. பெண்கள் யோசித்து எழுத ஆளுக்குப் பத்து விநாடி ஆகிறது என்று காசிராஜன் கடிகாரம் வைத்துக் கண்டுபிடித்த பிறகு, அப்படியே அச்சடிக்க ஏற்பாடாகியிருந்தது. கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

பூமாரி வழக்கம்போல் வாயாலும் கேட்டாள். அச்சடித்த பதிலை அவள் என்றைக்கும் நம்பியதில்லை.

"நாள் தள்ளிப்போயிருக்காம்மா?"

கவிப்பிரியா கதவைப் பார்த்தாள். "பத்து நாளு ஆவுதுக்கா. யாராண்டயும் சொல்லல. சொன்னா வேலைக்கு எட்துக்க மாட்டாங்க. நீ எட்து வுட்டுடு."

"இடுப்புக்கு எடுக்கணும்மா. பிள்ளை இருந்தா அது மேலதான் படும். கீழ லேப்ல ஒரு டெஸ்ட் பாத்துட்டு வா. அஞ்சு நிமிசம்."

அந்த நேரத்தில் குழு மறுபடி உள்ளே வந்தது. எல்லப்பன் பெட்டியோடு பின்னாலேயே வந்தார். பெண்மணி டேப்லெட்டைப் பார்த்தபடி கேட்டார்:

"போன வருஷம் இங்க எக்ஸ்ரேவுக்கு வந்த பெண்கள் எத்தனை பேர்?"

"பதினோராயிரத்து நானூறு, மேடம்," என்றார் காசிராஜன்.

"அதுல கர்ப்பிணிகள்?"

"ஜீரோ."

"ஜீரோவா?"

"நாங்க அனுமதிக்கிறதில்ல, மேடம். படிவத்துலயே தடுத்துடறோம்."

"வெரி குட்," என்று அந்த அம்மாள் பதிந்துகொண்டார்.

"இந்தப் பொண்ணுக்கு நாள் தள்ளியிருக்கு சார்," என்றாள் பூமாரி. "டெஸ்ட் பாக்காம நான் எடுக்க மாட்டேன்."

காசிராஜன் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவள் பக்கம் குனிந்து, "நூத்தி முப்பதும் டேலி ஆகணும். எடு," என்றார்.

"வயித்துமேல ஏதாவது போட்டு எடுத்துடலாமே," என்றார் டாக்டர் கோமதிநாயகம் நடைபாதையிலிருந்து. போடுவதற்கு இருந்த இரண்டும் அவர்மேல் இருந்தன. அவர் கழற்றவில்லை.

பூமாரி சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னொண்ணும் சொல்லுதேன் மேடம். இந்த ஜன்னல்ல இருக்கிறது சாதாக் கண்ணாடி. கார் ஃபிலிம் ஒட்டியிருக்கு."

உயரமான மனிதர் காசிராஜனைப் பார்த்தார். காசிராஜன் சர்ட்டிபிகேட்டை நீட்டினார். அவர் முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஈயக் கண்ணாடின்னு போட்டிருக்கே. சீல் இருக்கு. கையெழுத்து இருக்கு."

"சரிங்க சார். அப்படின்னா நீங்க ரெண்டு பேரும் வந்து இங்கன நில்லுங்க. காசிராஜன் சாரும் நிக்கட்டும். அடுத்த பத்துப் பேருக்கு நான் உங்க பக்கத்துல நின்னே எடுக்கேன்."

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். உயரமானவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அம்மாளுக்கு நடைபாதையில் தீயணைப்புக் கருவி எந்தத் தேதிவரை செல்லும் என்று பார்க்கவேண்டியது நினைவுக்கு வந்தது. காசிராஜனுக்கு போன் வந்தது. அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியேறினார். அரை நிமிடத்தில் அறையில் பூமாரியும் கவிப்பிரியாவும் பெட்டியோடு எல்லப்பனும் மட்டும் இருந்தார்கள்.

கவிப்பிரியா அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பூமாரியின் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தாள். படிவத்தில் அச்சடித்திருந்த 'இல்லை'யை இரண்டு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் 'தெரியாது' என்று எழுதினாள். வெளியே போய் அந்த அம்மாளிடமே நீட்டினாள்.

கண்ணாடி சாதாக் கண்ணாடி என்றபோது மாறாத முகம் அப்போது மாறியது.

"இது என்ன? அடித்தல் திருத்தல்? கன்ட்ரோல்டு டாக்குமெண்ட்ல யார் கை வச்சது?"

"எனுக்கு இன்னான்னு எனுக்குத்தானே மேடம் தெரியும்," என்றாள் கவிப்பிரியா. "பிரஸ்காரனுக்கு எப்டித் தெரியும்?"

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவள் தன் படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதுவரை யாரும் படித்ததில்லை. "எனுக்கு இன்னும் கல்யாணமே ஆவல. ஆனா இத எனுக்குப் பதிலா யாரு எழுதுனது? அந்தப் பேனாவக் குடுக்கா." அடித்தாள். பேனா அடுத்தவளுக்குப் போனது, அதற்கடுத்தவளுக்குப் போனது. தெற்கத்திப் பெண் ஒருத்தி, "ஏட்டி, எனக்குந் தா," என்று கை நீட்டினாள். நாற்பத்தாறு பெண்கள் இருந்தார்கள். நாற்பத்தாறு படிவமும் கறுப்பாயின.

காசிராஜன் ஓடிவந்தபோது அவர் உதடு வெளுத்திருந்தது. பிரேக் தொழிற்சாலையிலும் அவர் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நாற்பத்தாறு திருத்தப்பட்ட ஆவணங்கள். டேப்லெட்டில் 'பெரும் குறைபாடு' என்ற கட்டத்தை அந்த அம்மாள் தொட்டார். மருத்துவமனை வேறு எதற்காகவும் வாங்காத குறைபாடு அது. பிற்பகல் முழுவதும் எக்ஸ்ரே நின்றது.

மூன்று மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை லைனுக்கு ஆள் வேண்டும்; எக்ஸ்ரேயெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் ஃபிட் போட்டு அனுப்புங்கள் என்றார்கள். டாக்டர் கோமதிநாயகம் ஈயக் கவசங்களோடே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அன்று மாலை நூற்று முப்பது முதுகெலும்பும் யாரும் பார்க்காமலேயே நேராக இருந்தன.

கவிப்பிரியாவைப் பூமாரியே லேபுக்கு அழைத்துப் போனாள். பட்டையில் இரண்டு கோடு வந்தது. கவிப்பிரியா சுவரில் சாய்ந்து நின்று அதை வெகுநேரம் பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பூமாரிக்குத் தெரியவில்லை.

"திங்கக்கெழம நான் வேலையில சேர்ந்துடுவேன்க்கா. ஃபிட்டுன்னு போட்டுக்கீறாங்க. நீ யாராண்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன். இனிமே எவன் எக்ஸ்ரேக்குக் கூப்பிட்டாலும் போவாத."

"உன்னிய இன்னா பண்ணுவாங்க?"

பூமாரிக்கு அது மறுநாள் தெரிந்தது. மெமோ வந்தது. அதில் கண்ணாடி பற்றி ஒன்றும் இல்லை, கர்ப்பம் பற்றி ஒன்றும் இல்லை. 'அங்கீகரிக்கப்படாத பேனாவை நோயாளிகள் கைக்கு எட்டும்படி வைத்திருந்தது' குறித்து மூன்று நாட்களுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

அவள் விளக்கம் எழுதவில்லை. வேறு ஒன்று எழுதினாள். பேட்ஜின் முதல் முடிவு, கண்ணாடியையும் அதன் ஓரத்தில் உரிந்துகொண்டிருந்த ஃபிலிமையும் செல்போனில் எடுத்த படங்கள், இரண்டு மெமோக்கள், அச்சடித்த 'இல்லை'யோடு ஒரு படிவம், எல்லாவற்றையும் சேர்த்து, எக்ஸ்ரே நிலையங்களைக் கண்காணிக்கிற அரசு அலுவலகத்துக்கு அனுப்ப உறையில் போட்டாள். அருள்பாண்டி அரை நாள் லீவு போட்டு வந்தான். ஸ்ரீபெரும்புதூர் தபால் நிலையத்தில் ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், இனி அமிர்தகலசத்துக்குத் திரும்பிப் போக முடியாது, வேலை போனது என்று அவளுக்கு உறைத்தது. கண் நிறைந்தது. அவன் ஒரு கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தான்.

தண்டலத்தில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் சேர்ந்தாள். சம்பளம் குறைவு. முதல் நாளே அந்த டாக்டரம்மாவிடம், தான் நிற்கிற இடத்தை மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொன்னாள். காட்டினார்கள்.

ஐந்து வாரம் கழித்து எல்லப்பன் போன் செய்தார்.

"பூமாரி, ஒர்த்தன் வந்தாம்மா. பஸ்லதான் வந்தான். கையில ஒரு சின்ன டப்பா. பொன்னாட வேணாம்னுட்டான், காப்பி வேணாம்னுட்டான். காசிராஜன் சாரு ஃபைலு நீட்டுனாரு, அத வாங்கவே இல்ல. உள்ள போயி அந்தக் கண்ணாடி பின்னாடி டப்பாவ வெச்சான், எங்கள வெளிய அனுப்பிட்டு அவனே மிஷினப் போட்டான், டப்பாவப் பாத்தான். பத்து நிமிசம். ரூம இஸ்த்துப் பூட்டி சீல் வெச்சிட்டுப் போயிட்டான்."

பூமாரி நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்து நிமிடம். அவள் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எட்டு மாதம் நின்றிருந்தாள்.

"காசிராஜன் சார் என்ன சொன்னாரு அண்ணாச்சி?"

"மொதல்ல ரெண்டு நாளு ரூம வுட்டு வெளியவே வரல. ஈயக் கதவு வேறயா, உள்ள அழுதா கூடக் கேக்காது. மூணாம் நாளு வந்தாரு, மூஞ்சி பளபளன்னு கீது. எல்லாரயும் நிக்க வெச்சிப் பேசுனாரு. 'எந்த ஆஸ்பத்திரிக்கும் கெடைக்காத எடத்துக்கு நாம வந்துட்டோம்'ன்றாரு. கைதட்டச் சொன்னாரு, தட்டுனோம். இப்ப ஹைவே ஓரமா பெர்சா ஒரு போர்டு ஏத்திக்கினு கீறாங்க. நான்தான் ஏணியப் புட்சிக்கினு கீறேன்."

"என்ன போட்டிருக்கு?"

போனில் லாரி ஒன்று போகும் சத்தம் கேட்டது. எல்லப்பன் எழுத்துக் கூட்டி, நிதானமாகப் படித்தார்.

"'கதிர்வீச்சே இல்லாத மருத்துவமனை.'"

பூமாரி அமிர்தகலசத்தில் தான் பார்த்த பலகைகளை, சர்ட்டிபிகேட்டுகளை, படிவங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

"அது உண்மைதான அண்ணாச்சி," என்றாள். "அங்க எழுதி மாட்டுனதுலயே அது ஒண்ணுதான் உண்மை. ஏணியக் கெட்டியாப் பிடிங்க."